பர்மிய எழுத்து தெரியாத அம்மா பிள்ளைக்கு எப்படிப் பாடம் பார்க்கிறது?

தையல் மிசின் (பகோ) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருசமா இந்தக் குழுவுல இருக்கேன். படிச்சுட்டுப் போயிருவேன், எழுதினதில்ல. இன்னிக்கு வயித்தெரிச்சல், எங்கயாவது கொட்டணும். நீளமாப் போனா மன்னிச்சுக்கங்க.

எங்க ஊர் பர்மாவுல பகோ பக்கம், ரயில் ரோட்டுல இருந்து நாலு மைல் உள்ள. வயக்காட்டு ஊர். பாட்டன் காலத்துல செட்டியார் நிலத்துல நடவுக்கு வந்து அப்படியே தங்கிட்ட சனம். நாப்பது வீடு தமிழாளுக, மிச்சம் பர்மாக்காரங்க, கொஞ்சம் கரேன் இனத்துக்காரங்க. வீட்டுக்காரர் மலேசியாவுல சாப்பாட்டுக் கடையில நிக்கிறாரு. நான் வீட்டுலயே தையல். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிறப்ப ராத்திரி பகல் தெரியாது; பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை. ஊர்ப் பிள்ளைகள்ல பாதிப் பேர் நான் தைச்சதைப் போட்டுட்டுத்தான் படிக்கப் போகுது. எம் மகன் மட்டும் போட்டுட்டுப் போறான், படிச்சுட்டு வரல.

இப்ப கிரேடு 3. போன வாரம் சயாமா, அதான் டீச்சரம்மா, கூப்பிட்டு விட்டாங்க. செருப்பைக் கழட்டிட்டு கை கட்டி நின்னேன். "இவனுக்கு கேஜி புத்தகமே வாசிக்க வரல. வீட்டுல யாரும் பார்க்கிறதில்லையா? தமிழ் வீட்டுக்காரங்க ஸ்கூல்ல கொண்டாந்து விட்டா வேலை முடிஞ்சதுன்னு இருக்கீங்க"ன்னு எல்லாப் பிள்ளைக முன்னாடியும் சொன்னாங்க. நான் "ஹொக்கே ஷின், ஹொக்கே ஷின்" (சரிங்க, சரிங்க)ன்னுட்டு வந்துட்டேன். வேற என்ன சொல்றது? வீட்டுக்கு வந்து ஒரு காலரை ரெண்டு தடவை தப்பாத் தைச்சுப் பிரிச்சேன்.

அக்கறை இல்லாம இல்லைங்க. பர்மா பாசை நான் சந்தையில எவளுக்கும் சளைக்காமப் பேசுவேன். எழுத்துதான் தெரியாது. ரெண்டாவதுல நிறுத்திட்டாங்க, நடவு நேரத்துல தம்பியத் தூக்கி வச்சுக்க ஆள் இல்ல. தமிழ் வாசிக்கிறது எழுதுறது எல்லாம் வெயில் லீவுல மாரியம்மன் கோயில் மண்டபத்துல கத்துக்கிட்டது. அதனாலதான் இங்க எழுதவாவது முடியுது.

மகன் சாயங்காலம் விளக்கு வச்சதும் உக்காந்து சத்தம் போட்டுப் படிப்பான். தெருக்கோடி வரைக்கும் கேக்கும். நானும் மிசினை மிதிச்சுக்கிட்டே கேட்டு, பிள்ளை படிக்குதுன்னு நிம்மதியா இருந்தேன். சயாமா பேசின அன்னிக்கு நூல்கண்டு எடுக்கப் போன சாக்குல எட்டிப் பார்த்தேன். அவன் வாயில மழைப் பாட்டு, கண்ணை மூடிட்டு, ஆடி ஆடி. திறந்திருந்த பக்கத்துல மழையும் இல்ல, மேகமும் இல்ல, ஒரு எருமை நிக்குது. மூணு வருசமா பக்கத்துல வகுப்புப் பிள்ளைக ஓதுறதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கான். எழுத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல.

பள்ளிக்கூடத்தையும் சொல்லணும். ஒரே நீள ஹால். கேஜி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா உக்காந்து எல்லாம் ஒரே நேரத்துல ஓதும். நடுவுல தடுப்புகூட இல்ல. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துல சுவர் பிளந்ததுல இருந்து கிரேடு 2உம் 3உம் பக்கத்துத் தகரக் கொட்டகையில. ரெண்டுக்கும் ஒரே சயாமா. பெத்தவங்க கூட்டம்னு வருசத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடுவாங்க. போனா வேலிக்கு மூங்கில் யாரு தர்றா, புல்லு வெட்ட எந்த வீட்டுல இருந்து ஆளு, அவ்வளவுதான். பிள்ளை எப்படிப் படிக்குதுன்னு ஒரு பேச்சு இருக்காது. வருசக் கடைசியில எல்லாரையும் மேல தள்ளிவிட்டுருவாங்க, அதனால எனக்கும் தெரியல.

எழுத்து தெரியாத நான் வீட்டுல என்னதான் பார்க்கிறது? சயாமாவே வீட்டுல டியூஷன் வைக்கிறாங்க, மாசம் முப்பதாயிரம் கியாட், கையில இல்ல. நாத்தனார், வீட்டுல தமிழ் பேசுறதை நிறுத்துன்னு சொல்றா. மாமியா அடுத்த மாசம் உளுந்து பறிக்க இவனையும் கூட்டிட்டு வான்னு சொல்றாங்க. பரீச்சையும் அதே நேரம். எதைப் பிடிக்க, எதை விட?

38ஆம் தெரு (ரங்கூன்):

டியூஷன் வைங்க. இந்த நாட்டுல பாடம் நடக்கிறது சாயங்காலம் சயாமா வீட்டுலதான், பகல்ல பள்ளிக்கூடத்துல நடக்கிறது வருகைப் பதிவு. கசப்பா இருந்தாலும் அதான் நிசம். வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அனுப்பச் சொல்லுங்க. உளுந்து பறிக்க எல்லாம் கூட்டிட்டுப் போகாதீங்க.

மோலமைன் மருமக:

நான் உங்க நாத்தனார் சொன்னதைச் செஞ்சவ, அதனால சொல்றேன் தங்கச்சி. மூத்தவ கேஜியில திருதிருன்னு முழிச்சா, பேசினா பக்கத்துப் பிள்ளைக சிரிக்குது. அவரும் நானும் முடிவு பண்ணி வீட்டுல பர்மியம் மட்டும்னு ஆக்கினோம். அவ பத்தாவது ரெண்டு டிஸ்டிங்ஷனோட பாஸ் பண்ணினா. தப்புன்னு நான் சொல்லமாட்டேன், பலன் கண்ணுக்குத் தெரியுது. ஆனா இப்ப எங்க வீட்டு ஆயா (பாட்டி) படுக்கையில கிடக்கு. ஆயா கேக்கிறதை நான் பர்மியத்துல சொல்லணும், மக சொல்றதை நான் தமிழ்ல சொல்லணும். போன வாரம் ஆயா "அவ என்மேல கோவமா இருக்காளா"ன்னு கேட்டுச்சு. அவ "தண்ணி வேணுமா"ன்னுதான் கேட்டிருந்தா.

என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும். நான் நடந்ததைச் சொல்லிட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (தட்டோன்):

அம்மா, முதலில் ஒன்று. உங்கள் பிள்ளை மட்டும் அல்ல, தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் அல்ல. 2019இல் கம்போடியா, லாவோஸ், மலேசியா, மியன்மார், பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று ஆறு நாடுகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஆரம்பப் பள்ளி முடிக்கும்போது எந்த அளவு வாசிக்க வேண்டுமோ அந்த அளவு வாசித்தவர்கள் நம் நாட்டில் நூற்றுக்கு 11 பேர். வியட்நாமில் 82. மற்ற 89 பேர் வீட்டிலும் அக்கறை இல்லை என்று சொல்வோமா? அதனால் அந்தச் சொல்லை மனதில் இருந்து இறக்கிவையுங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் மொன் மாநிலத்துக் கிராமங்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியன். இரண்டு வகுப்பு, ஐம்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை என்று நானும் நின்றிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பெற்றோரிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கேட்டால் பாரம் அந்தப் பக்கம் போய்விடுகிறது, பாருங்கள். 2016இல் கேஜியில் தொடங்கி வந்த புதிய புத்தகங்கள் ஓதுவதைக் குறைத்து, பிள்ளைகளைப் பேசவைத்துப் படிப்பிக்க எழுதப்பட்டவை. நல்ல புத்தகங்கள்தான். ஐம்பது பிள்ளையைப் பேசவிட்டால் பக்கத்து வகுப்பு நடக்காது என்பதால் ஓதுதலே திரும்பி வந்துவிட்டது.

என் கதை. எங்கள் ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, 1965-66இல், தனியார் பள்ளிகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் பலகையும் பாடமும் பர்மியம். அதற்கு முந்தியே, 1964இல் ஐம்பது நூறு கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்ததில் அப்பாவின் சின்னக் கடை போயிற்று. கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார்கள். அப்பா மூட்டை தூக்கினார். அவருக்கு ஒரு பர்மிய எழுத்து தெரியாது. ராத்திரி சோறு உண்ணும்போது, "இன்னிக்கு சயா என்ன சொன்னாரு, எனக்குத் தமிழ்ல சொல்லு" என்பார். தினமும். நான் சொல்லுவேன். புரியாததை இட்டுக்கட்டினால் உடனே பிடிபடும், ஏனென்றால் அவர் "அப்புறம்?" என்பார், எனக்கு அப்புறம் இருக்காது. பாதிக் கதையில் அவர் குறட்டை விட்ட நாட்களும் உண்டு. ஆனாலும் மறுநாள் கேட்பார் என்று வகுப்பில் காது கொடுத்துக் கேட்பேன்.

அதனால் தமிழை நிறுத்தாதீர்கள். உங்களுக்கும் அவனுக்கும் இடையில் இருக்கிற ஒரே பாலம் அது. மொன் மாநிலத்தில் அரசுப் பள்ளிக்குள்ளேயே மொன் மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள். நமக்குக் கோயில் மண்டபம்தான். வீட்டையும் மூடிவிட்டால் மிச்சம் என்ன?

எழுத்து தெரியாமலே வாசிப்பைச் சோதிக்கலாம். படத்தைக் கையால் மூடுங்கள். பக்கத்தின் கடைசி வரியில் இருந்து மேலே வரச் சொல்லுங்கள். ஓதுகிற பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ஒரே சொல் இரண்டு இடத்தில் இருப்பது உருவம் பார்த்தாலே தெரியும், நீங்கள் வெட்டுத்துணி பார்க்கிறவர். இரண்டையும் தொட்டுக் காட்டுங்கள். ஒரே மாதிரி சொல்கிறானா பாருங்கள்.

சயாமாவிடம் "நல்லாப் படிக்கிறானா" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் கிடையாது. "எந்தப் பக்கம் வரை தானாக வாசிக்கிறான், காட்டுங்கள்" என்று புத்தகத்தை நீட்டுங்கள். நம்மவர்கள் சயாவைப் புத்தர், தர்மம், சங்கம், பெற்றோரோடு சேர்த்துக் கும்பிடுகிற ஊரில் இருந்துகொண்டு கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். புத்தகத்தை நீட்டுவதில் மரியாதைக் குறைவு இல்லை.

உளுந்து பறிப்பு பற்றி: எட்டு வயதுப் பிள்ளை இரண்டு வாரம் போகவே வேண்டாம். விடுமுறை நாளில் போகட்டும்.

தையல் மிசின் (பகோ):

வாத்தியார் ஐயா, உங்க பதிலை மூணு தடவை படிச்சேன். கடைசியில் "வெட்டுத்துணி பார்க்கிறவர்"னு எழுதினீங்களே, அது என்னமோ பண்ணிருச்சு.

38ஆம் தெரு அண்ணனுக்கு: வீட்டுக்காரர் அனுப்புறதுல மூணு மாசம் கடன்தான் அடைக்குது. நிசம்தான் நீங்க சொல்றது, ஆனா நிசத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?

கடைசி வரியில இருந்து வாசிக்கச் சொன்னேன். நின்னுட்டான். அழுதான். அடிக்கல நான். பக்கத்து வீட்டு கரேன் பொண்ணு, ஏழாவது படிக்குது, அதைக் கூப்பிட்டு எனக்கு எழுத்து சொல்லிக்குடுன்னு உக்காந்தேன். முப்பத்திமூணு எழுத்தாம். பாதி வெறும் வட்டம்! என்னடா இது எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு பார்த்தா, அந்தப் பொண்ணு சொல்லுச்சு, வாய் எந்தப் பக்கம்னு பாருங்க அக்கா, அவ்வளவுதான்.

எனக்கு உடனே ஒண்ணு தோணுச்சு. பிளாஸ்டிக் வளையல் ஒண்ணை எடுத்து கத்திரியால ஒரு விரக்கடை நறுக்கிட்டேன். வாய் மேல இருந்தா 'ப'. கீழ திருப்பினா 'கங்ஙே', அதாவது சின்ன 'க'. வலப்பக்கம் திருப்பினா 'ங'. நறுக்காத முழு வளையல் 'வலோன்', வட்ட 'வ'. ஒரு வளையலை வச்சு மூணு எழுத்து, ரெண்டு வளையல்ல நாலு! மிசின் மேசையில உக்காந்துக்கிட்டு திருப்பித் திருப்பிக் காட்டுறேன், அவன் சொல்றான், சிரிக்கிறான். தப்பே வரல. எனக்கும் அந்த நாலு வந்துருச்சு, ரெண்டாவதுல விட்டதை இப்பப் பிடிச்ச மாதிரி.

ஆனா ஒண்ணு புரியல. கையில காட்டினா நாலும் சரியாச் சொல்றவன், நேத்து வகுப்பு நோட்டை எடுத்துப் பார்த்தா பலகையில இருந்து எழுதினது பூரா வாய் மாறி மாறிக் கிடக்கு. 'ப' இருக்க வேண்டிய இடத்துல 'ங', 'ங' இருக்கிற இடத்துல முழு வட்டம். அந்தப் பொண்ணு பார்த்துட்டு, "இது எந்தச் சொல்லும் இல்ல"ங்குது. கவனக் குறைவா? வேணும்னு பண்றானா?

கண்ணாடிக்கடைத் தம்பி:

அக்கா, குறுக்க வர்றேன். நான் வாத்தியார் இல்ல, ரங்கூன்ல மூக்குக்கண்ணாடிக் கடையில எட்டு வருசம். நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எழுத்து தெரியாதவங்களுக்குக் கண் பார்க்க எங்ககிட்ட ஒரு அட்டை இருக்கு. அதுல எழுத்தே இருக்காது. வாய் திறந்த வளையம்தான், பெருசுல இருந்து சிறுசு வரைக்கும், மேல, கீழ, பக்கம்னு திருப்பித் திருப்பி. எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு கை காட்டணும். உங்க வளையல் அதேதான். பார்வை மங்கினவனுக்கு தூரத்துல வளையத்தோட வாய் மூடிக்கும், முழு வட்டமாத் தெரியும். 'ங' இருக்கிற இடத்துல 'வ' எழுதுறான்னு சொல்றீங்களே, அதான் பொறி தட்டுச்சு.

கொட்டகையில எங்க உக்கார்றான்? பின்னாடியா? வெளிச்சம் இருக்கா?

முற்றத்துல பகல் வெளிச்சத்துல இருபது அடி தள்ளி நிக்க வச்சு, அதே வளையலைக் காட்டாதீங்க, அது ரொம்பப் பெருசு. சட்டைப் பொத்தான் அளவு வளையம் தாள்ல கறுப்பா வரைஞ்சு, அரிசி அளவு வாய் விட்டுக் காட்டுங்க. ஒரு கண்ணை மூடி, அப்புறம் அடுத்தது. பக்கத்து வீட்டுப் பொண்ணையும் கூட நிக்க வைங்க, ஒப்பிட்டுப் பார்க்க. இது டாக்டர் சோதனை ஆகாது, போறதா வேண்டாமான்னு மட்டும் சொல்லும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (தட்டோன்):

தம்பி சொன்னதைச் செய்து பாருங்கள். ஆனால் பழியெல்லாம் கண்மேல் போட்டுவிடவும் வேண்டாம். கண் காரணமாக இருந்தாலும் மூன்று வருடத்து எழுத்து தானாக வந்து சேராது. வளையலை விடாதீர்கள்.

முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பிள்ளையைப் பின் வரிசையில் உட்காரவைத்துவிட்டுச் சோம்பேறி என்றேனோ.

தையல் மிசின் (பகோ):

நாலு நாள் கழிச்சு எழுதுறேன், கோயில் திருவிழாவுக்குத் தைக்கிற வேலை.

தம்பி சொன்ன மாதிரியே பண்ணினேன். என்னோட அளவு டேப்பால இருபது அடி அளந்து கோடு போட்டேன். கரேன் பொண்ணு எட்டுக்கு எட்டும் சரியாச் சொல்லுச்சு. இவன் வலது கண்ணுல எட்டுக்கு மூணு, இடது கண்ணுல ரெண்டு. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறான். பத்தடிக்கு வரச் சொன்னா ஏழு சரி. "அம்மா, அங்க நின்னா எல்லாமே வலோனா இருக்கு"ன்னான். நான் தாளைக் கீழ போட்டுட்டேன்.

எட்டு வயசுப் பிள்ளை, முற்றத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாமலேயே ஓடியாடிக்கிட்டு இருந்திருக்கான். பட்டம் விடறதுல மட்டும் ஏன் இவன் சேரமாட்டேங்கிறான்னு இப்பத்தான் புரியுது.

சயாமாகிட்டயும் போனேன். போறப்ப வயித்தைக் கலக்குச்சு. புத்தகத்தை நீட்டி, வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே கேட்டேன், எந்தப் பக்கம் வரைக்கும் தானா வாசிக்கிறான்னு. அவங்க கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் கேஜி புத்தகத்தை எடுத்துட்டு வந்து, பன்னெண்டாம் பக்கத்துல விரல் வச்சாங்க. "இது வரைக்கும்." அந்த ஒரு பக்க எண்ணு, மூணு வருசத்துல எனக்கு யாரும் சொல்லாதது. கண் விசயத்தையும் சொன்னேன். அவங்களுக்கும் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. மறுநாளே முன் வரிசையில, பலகைக்கு நேரா உக்கார வச்சுட்டாங்க. அவங்களும் வேற ஊர்ல இருந்து மோட்டார் சைக்கிள்ல வர்ற பொண்ணுதான், என்னைவிட வயசு குறைவு. ரெண்டு வகுப்பு, நாப்பத்திமூணு பிள்ளை, தகரம் காயுது. அன்னிக்குச் சொன்னது எனக்கு மறக்காது, ஆனா கோவம் கொஞ்சம் இறங்கிருச்சு. டியூஷனுக்கு வான்னு கூப்பிடல.

மாமியாதான் இன்னும் சரிக்கட்ட முடியல. "கண்ணு தெரியாதவன் படிச்சு என்ன, உளுந்துச் செடி தெரியுமில்ல"ங்குது. நாம பறிக்கிற உளுந்து இந்தியாவுக்குப் போயி எவன் வீட்டு இட்லியிலயோ வேகுது, எம் பிள்ளை பரீச்சைய விட்டுட்டு அதைப் பறிக்கணுமான்னு கேட்டேன். சனி ஞாயிறு மட்டும் வருவான்னு சொல்லியிருக்கேன். அவங்க பதில் சொல்லல, வெத்தலைய மென்னுக்கிட்டே இருந்தாங்க.

ராத்திரி சோறு போடுறப்ப "சயாமா என்ன சொன்னாங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சிருக்கேன். மூணு நாள் "ஒண்ணும் சொல்லல"ன்னான். நேத்து ஒரு ஆமை கதை சொன்னான், முடிவை விட்டுட்டான். இன்னிக்குக் கேட்டுட்டு வர்றேன்னு போயிருக்கான்.

வர்ற செவ்வாக்கிழமை பகோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கண்ணாடிக்கடைத் தம்பிக்கு ஒரு கேள்வி: கண்ணாடி பிளாஸ்டிக்ல, உடையாத மாதிரி கிடைக்குமா? காதுக்குப் பின்னால கயிறு கட்டுறது நானே தைச்சுக்குவேன். எவ்வளவு எடுத்துட்டுப் போனா பத்தும்? இவன் கொய்யா மரத்துல ஏறுறவன்.

கண்ணாடிக்கடைத் தம்பி:

கிடைக்கும் அக்கா. சின்னப் பிள்ளைக்கு பிளாஸ்டிக் லென்ஸ்தான் நாங்களே குடுக்கிறது, கண்ணாடி லென்ஸ் வாங்கிறாதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட பவர் எழுதி வாங்குங்க, கடைக்காரன் சொல்றதை வச்சு எடுக்காதீங்க, நானும் கடைக்காரன்தான். பிள்ளைக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பாங்க, அன்னிக்கு பூரா கண் கூசும், தொப்பி எடுத்துட்டுப் போங்க. ஃப்ரேம் பெருசா வாங்காதீங்க, வளர்ந்தா போட்டுக்கலாம்னு சட்டை எடுக்கிற மாதிரி. பவர் எழுதின சீட்டைப் படம் பிடிச்சு எனக்கு அனுப்புங்க, விலை அப்புறம் பேசிக்கலாம்.